புதிய பாடி இருக்கட்டும், பழையதற்கு ஷட்டர் கொடுங்கள்

கல்யாணத்துக்கு அட்வான்ஸ் கொடுக்க வருகிறவர்கள் முன்பெல்லாம் இரண்டே கேள்விதான் கேட்பார்கள். எவ்வளவு ஆகும், ஆல்பம் எப்போது கிடைக்கும். இப்போது மூன்றாவதாக ஒன்று சேர்ந்திருக்கிறது: "அண்ணாச்சி, நீங்க வச்சிருக்கது ஃபுல் ஃப்ரேமா?" கேட்கிறவர்கள் சென்னைக்காரர்கள் அல்ல. பசுவந்தனை, குறுக்குச்சாலை, புதியம்புத்தூர், எப்போதும்வென்றான் என்று ஓட்டப்பிடாரத்தைச் சுற்றியுள்ள கரிசல் ஊர்க்காரர்கள். பெண்ணின் அண்ணனோ மாப்பிள்ளையின் கூட்டாளியோ சொல்லி அனுப்பியிருப்பான். அப்படியென்றால் என்ன என்று நானும் சிலரிடம் திருப்பிக் கேட்டிருக்கிறேன். "பின்னாடி பூரா மங்கலாத் தெரியும்லா, அதுதான்" என்பார்கள். தப்பான பதில் என்றும் சொல்ல முடியாது.

பின்னால் இருப்பதை மறைக்கிற ஆசை எங்கள் பக்கத்துக்குப் புதிதும் அல்ல. பக்கத்துக் கோவில்பட்டி, நாடகத் திரைச்சீலை எழுதி, பிறகு காலண்டர் சாமி படங்களால் நாடறிந்த கொண்டையராஜு வாழ்ந்த ஊர். அந்தக் காலத்து ஸ்டூடியோக்களில் மாளிகைப் படிக்கட்டும் பூந்தோட்டமும் வரைந்த படுதா தொங்கும். அதன் முன்னால் நின்றுதான் சம்சாரிகள் படம் எடுத்துக்கொண்டார்கள். அன்றைக்குப் படுதா செய்த வேலையை இன்றைக்கு லென்ஸ் செய்கிறது.

வேடிக்கை என்னவென்றால், ஃபுல் ஃப்ரேம் என்ற சொல் எங்கள் ஊர் வரைக்கும் வந்து சேர்ந்த நேரத்தில் கேமரா சந்தையே கரைந்துவிட்டது. ஜப்பானியக் கேமரா நிறுவனங்களின் கூட்டமைப்பான சிபா ஆண்டுதோறும் கணக்கு வெளியிடுகிறது. 2010-ல் உலகம் முழுக்க அனுப்பப்பட்ட டிஜிட்டல் கேமராக்கள் சுமார் 12 கோடி. 2023-ல் அது 77 லட்சம். 2024-ல் கொஞ்சம் தேறி 85 லட்சத்தைத் தொட்டது. சட்டைப்பைக்குள் வைக்கிற சின்னக் கேமராவை செல்போன் விழுங்கியது எல்லோருக்கும் தெரியும். எங்களைப் போன்றவர்கள் தூக்கித் திரிகிற, லென்ஸ் மாற்றும் கேமராவும் சேர்ந்தே விழுந்ததைப் பற்றி அவ்வளவு பேச்சில்லை. 2012-ல் 2 கோடியாக இருந்தது, 2024-ல் 66 லட்சம். ஒலிம்பஸ் போன்ற பழம்பெரும் நிறுவனமே 2020-ல் கேமராத் தொழிலை விற்பதாக அறிவித்து ஒதுங்கிக்கொண்டது.

மிச்சம் இருந்த நிறுவனங்கள் மேலே ஏறிக்கொண்டன. சோனி 2013-ல் ஏ7 என்ற ஃபுல் ஃப்ரேம் மிரர்லெஸ்ஸைக் கொண்டுவந்தது. 2018-ல் நிக்கானும் கேனனும் சில வார இடைவெளியில் அதே பாதையில் இறங்கின. மறு வருஷம் பானசோனிக். எண்ணிக்கை குறைந்தால் குறையட்டும், ஒவ்வொன்றிலும் அதிகம் பார்த்துக்கொள்வோம் என்ற கணக்கு. ஏ7 மூன்றாம் மாடல் 2018-ல் அமெரிக்காவில் 2,000 டாலர். 2021-ல் வந்த நான்காம் மாடல் 2,500. நிக்கான் இசட்5, 2020-ல் 1,400 டாலர். அதன் அடுத்த வடிவம் 2025-ல் 1,700. இங்கே நம் அரசு 2019 ஜனவரியில் டிஜிட்டல் கேமராவுக்கான ஜிஎஸ்டியை 28 சதவீதத்திலிருந்து 18 ஆகக் குறைத்தது. அந்த ஆறுதலை அடுத்தடுத்த மாடல்களின் விலை தின்று ஏப்பம் விட்டுவிட்டது.

இதைப் பார்த்துத்தான் "கேமரா சந்தை சுருங்கினாலும் ஃபுல் ஃப்ரேமுக்கு நல்ல காலம்" என்று எழுதுகிறார்கள். நான் அப்படி நினைக்கவில்லை. ஃபுல் ஃப்ரேமைச் செல்போன் கொல்லப் போவதில்லை. நாளைக்கு அதை வாங்க வேண்டிய ஆள் உருவாகாமல் போவதுதான் அதற்குக் கேடு. அந்த ஆள் எங்கள் ஊர் மாதிரி ஊர்களில் இருக்கிறான். அவனைப் பற்றி டோக்கியோவில் யாருக்கும் கவலை இருப்பதாகத் தெரியவில்லை.

முதலில் அந்தக் கேமராவின் அருமை என்ன என்று சொல்லிவிடுகிறேன். ஃபுல் ஃப்ரேம் என்பது 36 மில்லிமீட்டர் நீளமும் 24 மில்லிமீட்டர் உயரமும் கொண்ட சென்சார். இந்த அளவு கம்ப்யூட்டர் காலத்தில் பிறந்ததல்ல. ஜெர்மனியின் லைட்ஸ் கம்பெனியில் வேலை பார்த்த ஆஸ்கர் பர்னாக், சினிமா பிலிமைச் சின்னக் கேமராவில் போட்டு, சினிமாவின் இரண்டு கட்டத்தை ஒரு படமாக்கினார். 1925-ல் லைகா என்று அது கடைக்கு வந்தது. நூறு வருஷமாக அந்த அளவு மாறவில்லை. பரப்பைக் கணக்குப் போட்டால் 864 சதுர மில்லிமீட்டர். சாதாரண டிஎஸ்எல்ஆரில் இருக்கும் ஏபிஎஸ்-சி சென்சார் சுமார் 370. விலை உயர்ந்த போன்கள் பெருமையாகச் சொல்லிக்கொள்கிற 'ஒரு அங்குல' சென்சார் 116 தான். பெரிய சென்சார் செய்வதும் லேசுப்பட்ட காரியம் இல்லை. 8 அங்குல சிலிக்கான் தகட்டில் ஏபிஎஸ்-சி 200 எடுக்கலாம் என்றால் ஃபுல் ஃப்ரேம் 20 தான் தேறும் என்று கேனனே ஒரு காலத்தில் விளக்கம் கொடுத்தது. விலைக்குக் காரணம் வெறும் பேராசை மட்டும் அல்ல என்பதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும்.

இந்த 864-க்கும் 116-க்கும் உள்ள வித்தியாசம் பகலில் தெரியாது. அதைப் பார்க்க வேண்டுமென்றால் அம்மன் கோயில் கொடைக்கு வர வேண்டும், அதுவும் சாமக்கொடைக்கு. வில்லிசை உச்சத்தில் இருக்கும். சீரியல் செட் பந்தலோடு முடிந்துவிடும். அதைத் தாண்டி ஊர் இருட்டு. சாமியாடி தீப்பந்தத்தோடு இறங்கி வருவார். அந்த முகத்தில் விழும் வெளிச்சம் கையில் இருக்கும் பந்தத்தின் வெளிச்சம் மட்டும்தான், அதுவும் ஆடிக்கொண்டே இருக்கும். பிளாஷ் அடிக்கக் கூடாது. அடித்தால் படமும் கெடும், ஊரும் சும்மா விடாது. "ஏ போட்டோக்காரரே, சாமி மூஞ்சில வெளிச்சத்த அடிக்காதீரும்" என்று பெரியவர்கள் சத்தம் போடுவார்கள். ஐஎஸ்ஓ-வை 6400-ல் வைத்து, 50 ஒன் பாயிண்ட் எய்ட் லென்ஸை முழுசாகத் திறந்து, 250-ல் ஒரு பங்கு வினாடியில் எடுத்தால் ஃபுல் ஃப்ரேமில் முகம் நிற்கும். வியர்வையும் திருநீறும் கலந்து வழிவது தெரியும். கறுத்த முகம் கறுத்த முகமாகவே இருக்கும்.

அதே இடத்தில் போன் என்ன செய்கிறது என்று பாருங்கள். பல படங்களை அடுத்தடுத்து எடுத்து ஒன்றாக ஒட்டுகிறது. ஆடுகிற சாமி ஒரு இடத்தில் நிற்காதே, கை இரண்டாகத் தெரியும் அல்லது இழுபட்டுப் போகும். முகத்தில் உள்ள சுருக்கத்தை அழுக்கு என்று நினைத்துத் துடைத்துவிடும். நள்ளிரவைச் சாயங்காலம் ஐந்து மணி ஆக்கிவிடும். "என் மவன் போன்ல ராத்திரி பகலாத் தெரியுதே" என்று பெருமைப்படுகிறவர்கள் உண்டு. கொடைக்கு ராத்திரியைத்தான் படம் எடுக்க வேண்டும் என்பது என் கட்சி. மே மாதம் பாஞ்சாலங்குறிச்சியில் வீரசக்கதேவி ஆலய விழாவுக்கு ஊர் ஊராக இளவட்டங்கள் ஜோதி ஏந்தி ஓடி வருகிறார்கள். கயத்தாறு பக்கமிருந்தோ எங்கிருந்தோ இருட்டில் ஓடி வருகிற பையனின் முகத்தை அந்த ஜோதியின் வெளிச்சத்திலேயே பிடிக்க, இன்றைக்கும் பெரிய சென்சாரை விட்டால் வேறு வழி இல்லை.

ஆனால் தொழிலில் பெரும்பகுதி சாமக்கொடை அல்ல. மண்டபக் கல்யாணத்தில் எல்இடி வெளிச்சம் கொட்டிக் கிடக்கிறது. காதுகுத்து காலை வெயிலில் நடக்கிறது. நாங்கள் கொடுக்கும் கரிஷ்மா ஆல்பத்தின் ஒரு விரிப்பு 12-க்கு 36 அங்குலம். அதற்கு நல்ல ஏபிஎஸ்-சி கேமரா தாராளமாகப் போதும். வீட்டாருக்கும் இதையே சொல்கிறேன். என்ன கேமரா என்று விசாரிப்பதை விட, அந்த ஆள் ராத்திரியில் எடுத்த படத்தை அச்சில் காட்டச் சொல்லிப் பாருங்கள். பாதிப் பேரின் ஜம்பம் அங்கேயே தீர்ந்துவிடும்.

எங்கள் வருமானம் எப்படி வருகிறது என்பது கேமரா கம்பெனிக்குத் தெரிய நியாயம் இல்லை. இங்கே ஐப்பசி மழையை நம்பித்தான் விதைப்பு. உளுந்து, பாசி, பருத்தி, கம்பு, மக்காச்சோளம். தையும் மாசியும் வந்து வெள்ளாமை வீடு சேர்ந்தால்தான் கையில் காசு. "உளுந்த போட்டுட்டு மிச்சத்தத் தாரேன் அண்ணாச்சி" என்று சொல்லிப் போகிறவரிடம் கறாராக இருக்க முடியாது. மக்காச்சோளத்தில் படைப்புழு விழுந்த வருஷம் ஆல்பங்கள் என் அலமாரியிலேயே கிடந்தன. தவணைக்காரன் மட்டும் மாதம் தவறாமல் வருவான். அவனுக்கு ஐப்பசியும் தெரியாது, படைப்புழுவும் தெரியாது. புது ஃபுல் ஃப்ரேமை இஎம்ஐ-யில் எடுத்துவிட்டு, சீசன் முடிந்ததும் அதையே பாதி விலைக்குத் தள்ளிவிட்ட பையன்களை இந்த வட்டாரத்தில் பார்த்திருக்கிறேன். கேமரா நல்லதுதான். காலண்டர்தான் ஒத்துவரவில்லை.

இனி, அந்த அடுத்த ஆளைப் பற்றி. நான் தொழில் பழகும்போது ஸ்டூடியோ முதலாளியின் யாஷிகா இரட்டை லென்ஸ் கேமராவைத் தொடவே விடமாட்டார்கள். 120 பிலிமில் 12 படம்தான், ஒன்று வீணானாலும் திட்டு விழும். அப்போது ஊட்டியில் செய்த 'இந்து' கறுப்பு வெள்ளைப் பிலிம் நம் ஊர் ஸ்டூடியோக்களில் ஓடியது. 1960-ல் அரசு தொடங்கிய இந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ், கலர் காலத்துக்கு ஈடுகொடுக்க முடியாமல் நலிந்து மூடியது. பிலிம் கம்பெனி போனது, ஸ்டூடியோ போகவில்லை. பிறகு கலர் வந்தது, லேப் வந்தது, டிஜிட்டல் வந்தது. 2008-ல் கேனன் 5டி மார்க் 2 வந்தபோது படம் எடுக்கிற பெட்டியே வீடியோவும் எடுத்தது. கல்யாண வீடியோ சினிமா மாதிரி ஆகிவிட்டது என்று வீட்டார் மூக்கில் விரல் வைத்தார்கள். 'டிரடிஷனல்' என்றும் 'கேண்டிட்' என்றும் தொழிலே இரண்டாகப் பிரிந்தது.

அந்தக் காலத்தில் ஒரு பையன் மேலே வர வழி இருந்தது. மலிவான டிஎஸ்எல்ஆர் ஒன்றைக் கிட் லென்ஸோடு வாங்குவான். சடங்கு வீடு, காதுகுத்து, பள்ளிக்கூட ஆண்டு விழா என்று சின்ன வேலைகளில் கை பழகும். இரண்டு மூன்று சீசனில் காசு சேர்த்து 6டி-யோ டி750-யோ வாங்குவான். ஃபுல் ஃப்ரேம் வாங்கியவர்களில் பலர் இந்த ஏணியில் ஏறி வந்தவர்கள். இன்றைக்கு ஏணியின் கீழ்ப்படிகளைக் கம்பெனிகளே கழற்றிவிட்டன. நிக்கான் டி3500, 2018-ல் வந்தது. அந்த வரிசையில் அதற்குப் பின் ஒன்றும் இல்லை. கேனன் 2023-ல் ஆர்100 என்று ஒன்றைப் போட்டது. அதைக் கையில் வாங்கிய பையன் முதலில் செய்தது திரையைத் தொட்டதுதான். தொட்டால் வேலை செய்யாத திரை. செல்போனில் வளர்ந்த பிள்ளைக்கு முதல் கேமராவாக இதைக் கொடுத்தால் அவன் என்ன நினைப்பான்? கேமரா என்றால் போனை விடப் பழைய சாமான் என்று நினைப்பான். நினைத்தான். ரீல்ஸ் எடுக்கப் போய்விட்டான், நன்றாகவே சம்பாதிக்கிறான். அவனைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

எஞ்சியிருக்கிற வழி செகண்ட் ஹேண்ட். சென்னையிலும் மதுரையிலும் உள்ள பெரிய கல்யாணக் கம்பெனிகள் மிரர்லெஸ்ஸுக்கு மாறியதும் பழைய டிஎஸ்எல்ஆர்கள் மலைபோல் சந்தைக்கு வந்தன. 2012-ல் வந்த 5டி மார்க் 3, அதே வருஷத்து 6டி, 2014-ன் டி750. எல்லாம் ஃபுல் ஃப்ரேம், எல்லாம் இன்றைக்கும் சாமக்கொடையில் முகம் காட்டும் கேமராக்கள். முத்ரா கடனில் சிசுப் பிரிவு 50,000 ரூபாய் வரை. அதில் புது ஃபுல் ஃப்ரேம் வராது. பழைய பாடியும் ஒரு 50 லென்ஸும் வரும். என்னிடம் வேலை பார்க்கும் தம்பிகளுக்கு நான் சொல்வதும் இதுதான்: பஸ் ஏறி மதுரைக்குப் போ, பாடியைக் கையில் வாங்கு, ஷட்டர் கவுண்ட் பார், லென்ஸுக்குள் டார்ச் அடித்துப் பூஞ்சை இருக்கிறதா பார், வானத்தை ஒரு படம் எடுத்துத் தூசி பார். பேசி வாங்கு.

தூசி என்று சொன்னதும் ஒன்று ஞாபகம் வருகிறது. கரிசல் மண் மழையில் பசையாக ஒட்டும், வெயிலில் வெடித்துப் பொடியாகும். வைகாசி தொடங்கி ஆடி வரை அடிக்கிற காற்றில் கயத்தாறு வரைக்கும் காற்றாலைகள் சுற்றும்போது அந்தப் பொடி எங்கேயும் நுழையும். டிஎஸ்எல்ஆரில் லென்ஸைக் கழற்றினாலும் சென்சாருக்கு முன்னால் கண்ணாடியும் ஷட்டரும் மறைத்திருக்கும். பெரும்பாலான மிரர்லெஸ்ஸில் லென்ஸைக் கழற்றினால் சென்சார் திறந்து கிடக்கும். கேனன் ஈஓஎஸ் ஆர் ஆஃப் செய்ததும் ஷட்டரை மூடிக்கொள்ளும். எல்லாக் கேமராவிலும் அந்தப் புத்தி வரவில்லை. வெளியூர்க்காரர்கள் காற்றாலை முன்னால் அவுட்டோர் ஷூட் எடுத்துவிட்டு, நீல வானம் முழுக்கக் கரும்புள்ளியோடு ஊர் திரும்புவதை நாங்கள் சிரித்துக்கொண்டு பார்ப்போம்.

சிரிப்பு நிற்கிற இடம் ரிப்பேர். 5டி மார்க் 3-யின் ஷட்டர் ஒன்றரை லட்சம் படத்துக்குத் தாங்கும் என்று கம்பெனி சொல்கிறது. டி750-க்கும் அதே கணக்கு. ஒரு கல்யாணத்துக்கு இரண்டாயிரம் மூவாயிரம் படம் ஓடும். ஆக, கைமாறி வருகிற கேமராவுக்கு ஒரு நாள் ஷட்டர் மாற்றித்தான் ஆக வேண்டும். அது கோளாறு அல்ல, டயர் தேய்வது போல. அதற்காக ஒரு சர்வீஸ் சென்டருக்குப் போனேன். "இதுக்கு பார்ட்ஸ் வராது சார், புது மாடல் பாருங்க" என்று பதில் வந்தது. பாடி மற்றபடி கல் மாதிரி இருந்தது. கடைசியில் இன்னொரு செத்த கேமராவிலிருந்து ஷட்டரைக் கழற்றிப் போட்டுக் கொடுத்தது ஒரு தெருமுனை மெக்கானிக். அவருக்கும் வயதாகிறது, கழற்றுவதற்குச் செத்த கேமராக்களும் குறைகின்றன.

டிஎஸ்எல்ஆரைக் கம்பெனிகள் கைகழுவியாயிற்று. 2024-ல் உலகம் முழுக்க அனுப்பியது 10 லட்சம்கூட இல்லை. மிரர்லெஸ் 56 லட்சம். புதிதாகச் செய்யாவிட்டால் போகட்டும். ஏற்கெனவே விற்றுக் காசு பார்த்ததற்கு உதிரி பாகம் கொடுக்க என்ன கஷ்டம்? பழைய பாடி ஓடினால் புதுசு விற்காது என்று பயப்படுகிறார்கள் போல. எனக்குப் பட்டது நேர்மாறு. பழைய ஃபுல் ஃப்ரேமில் கை பழகிய பையன்தான் பத்து வருஷம் கழித்துப் புதுசு வாங்குவான். அவன் லென்ஸ் வாங்கியிருப்பான், அந்த மவுண்டை விட்டுப் போக மனசு வராது. பழக வழியில்லாத பையன் எந்தக் காலத்திலும் வாங்கப் போவதில்லை.

லென்ஸ் விஷயத்திலும் இதே குறுகிய புத்தி. சோனி தன் மவுண்டை மற்ற லென்ஸ் கம்பெனிகளுக்குத் திறந்துவிட்டது. 2018-ல் டாம்ரான் 28-75 வந்தபோது, கம்பெனி லென்ஸ் விலைக்கு எட்டாதவர்களுக்கெல்லாம் அது கைகொடுத்தது. கேனன் தன் ஆர்எஃப் மவுண்டைப் பூட்டி வைத்தது. 2022-ல் வில்ட்ராக்ஸ் அந்த மவுண்டுக்கு லென்ஸ் விற்பதை நிறுத்த வேண்டிவந்தது. 2024-ல் சிக்மாவுக்கும் டாம்ரானுக்கும் கதவைத் திறந்தபோதும் ஏபிஎஸ்-சி லென்ஸுக்கு மட்டும்தான் அனுமதி. ஃபுல் ஃப்ரேம் வாங்குகிறவன் பணக்காரன், கம்பெனி லென்ஸே வாங்கிக்கொள்வான் என்று யாரோ முடிவு செய்திருக்கிறார்கள். எங்கள் பக்கம் கேண்டிட் எடுக்கிற பையன்கள் கையில் சோனி அதிகம் தென்படுவதற்கு வேறு காரணம் தேட வேண்டாம்.

மத்திய அரசின் நுகர்வோர் விவகாரத் துறை 2022-ல் 'ரிப்பேர் செய்யும் உரிமை' பற்றி ஒரு குழு போட்டது. அதே வருஷக் கடைசியில் அதற்கான இணைய தளமும் தொடங்கியது. விவசாயக் கருவிகள், செல்போனும் மின்னணுச் சாதனங்களும், வீட்டு உபயோகப் பொருட்கள், வாகனங்கள் என்று நான்கு துறைகள் அதில் உண்டு. மின்னணுச் சாதனம் என்ற வகையில் கேமராவும் அதற்குள் வரவேண்டியதுதான். டிராக்டருக்கு உதிரி பாகம் கேட்கிற சம்சாரிக்கு உள்ள நியாயம், அவர் மகள் கல்யாணத்தைப் படம் எடுக்கிறவனுக்கும் உண்டு. ஒரு மாடலை நிறுத்திய பிறகும் பத்து வருஷத்துக்கு ஷட்டர், ரப்பர், பேட்டரி கதவு, மவுண்ட் இவை கிடைக்கும் என்று கம்பெனிகள் எழுதிக் கொடுக்க வேண்டும். விலையை வெளியே போட வேண்டும். வெளி மெக்கானிக்குகளுக்கும் அவற்றை விற்க வேண்டும். இதைத் தவிர ஃபுல் ஃப்ரேமின் எதிர்காலத்துக்கு எங்கள் ஊரிலிருந்து நான் சொல்ல வேறு யோசனை இல்லை.

தூத்துக்குடி மாவட்டத்துப் போட்டோகிராபர்கள், வீடியோகிராபர்கள் எல்லோரும் அவரவர் சங்கத்தின் வழியாக இந்தக் கோரிக்கையை நுகர்வோர் துறைக்கு எழுத்தில் அனுப்புங்கள். என்ன மாடல், எந்தப் பாகம், எப்போது கேட்டு இல்லை என்றார்கள் என்று விவரத்தோடு எழுதுங்கள். ஆடியில் கல்யாணம் இல்லை, எல்லோருக்கும் நேரம் இருக்கும்.